நேஷனல் பர்மிட் 2028 வரை இருக்கு. பிறகு எதற்கு வருஷா வருஷம் ஆத்தரைசேஷன்?

ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடி)

வணக்கம். நமக்குத் தொழில் கல் பட்டறை. கண்ணாடித் தட்டில் கலர் ஊற்றி, மண்ணும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிற அதே ஆத்தங்குடிக் கல்தான். லாரித் தொழில் புதுசு. இத்தனை நாள் வாடகை வண்டியில்தான் சரக்கு அனுப்பினோம். பெங்களூருக்கும் கொச்சிக்கும் ஆர்டர் கூடியதால் இந்தத் தை மாதம் ஆறு சக்கர வண்டி ஒன்றைப் பழசாக வாங்கிப் போட்டோம். டிஎன் 63 வண்டி, 2016 செப்டம்பர் பதிவு.

புரோக்கர் கொடுத்த ரெக்சின் பையில் ஆர்சி (பதிவுச் சான்று), எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. நேஷனல் பர்மிட் தாளில் 2028 வரை என்று அச்சாகியிருந்தது. அந்தத் தைரியத்தில் பெங்களூர் லோடு ஏற்றினோம். ஓசூர் தாண்டிக் கர்நாடகாவுக்குள் போனதும் சோதனையில் நிறுத்தி, "பர்மிட் இருக்கு, ஆத்தரைசேஷன் முடிஞ்சு போச்சு" என்று சலான் போட்டுவிட்டார்கள். நம் டிரைவர் 2028 தாளையே திரும்பத் திரும்ப நீட்டியிருக்கிறார். அவர்கள் மொபைலில் வண்டி நம்பரைத் தட்டி, இன்னொரு தேதியைக் காட்டியிருக்கிறார்கள்.

5 வருஷத்துக்குக் கொடுத்த பர்மிட்டுக்கு நடுவில் இது என்ன? எவ்வளவு கட்ட வேண்டும்? வருஷா வருஷம் வேறு என்னென்ன வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டாரஸ்காரன் (காரைக்குடி)

தம்பி, பழைய வண்டி வாங்கும் பாதிப் பேர் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

பர்மிட் வேறு, ஆத்தரைசேஷன் வேறு. நேஷனல் பர்மிட் 5 வருஷத்துக்குக் கொடுப்பார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு மாநில எல்லை தாண்ட வேண்டுமானால் ஆத்தரைசேஷன் உயிரோடு இருக்க வேண்டும். அதை ஒரு தடவைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் தரவே மாட்டார்கள்; மத்திய மோட்டார் வாகன விதி அப்படி. கட்டணம் வண்டி ஒன்றுக்கு வருஷத்துக்கு ரூ.16,500. அதோடு ஆத்தரைசேஷனுக்கு ரூ.1,000. ஆக ரூ.17,500. எல்லாம் பரிவாகன் தளத்தில் ஆன்லைனிலேயே கட்டலாம். விண்ணப்பம் படிவம் 46, கையில் வருவது படிவம் 47. உங்கள் பையில் இருந்திருக்க வேண்டியது அந்த 47தான். அதில் உள்ள தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

வெளி மாநிலம் போகாமல் வண்டி உள்ளூரிலேயே ஓடினால் இதைக் கட்டாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உங்களுக்கு விற்றவரும் அப்படித்தான் விட்டிருப்பார்.

பழைய கிளீனர் (திருப்பத்தூர்)

ரூ.16,500-க்கே அழுகிறீர்களே. 2010-க்கு முன்னால் எப்படி இருந்தது என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது பர்மிட் எடுக்கும்போதே எந்தெந்த மாநிலம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நம் மாநிலத்தையும் சேர்த்து, எல்லை ஒட்டியதாகக் குறைந்தது 4 மாநிலம். ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு ரூ.5,000, தனித்தனி டிடி. நாங்கள் ஆந்திரா, கர்நாடகா, கேரளா மூன்றையும் போட்டு வைத்திருந்தோம். நாக்பூருக்கு நல்ல லோடு வந்தால் எங்கள் முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். மகாராஷ்டிரா போடவில்லையே!

2010 மே மாதத்தில்தான் ஒரே கட்டணம், நாடு முழுக்க ஓடலாம் என்று வந்தது. ஆரம்பத்தில் ரூ.15,000. பிறகு 2012-ல் ரூ.16,500 ஆனது. மத்தியக் கணக்கில் சேர்ந்து மாநிலங்களுக்குப் பங்கு பிரிகிறது. அதன் பிறகு ஏற்றவில்லை. டீசல், டயர், டோல் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இது ஒன்றுதான் நின்ற இடத்தில் நிற்கிறது. சத்தம் போட்டு ஞாபகப்படுத்திவிடாதீர்கள்.

ஆச்சி வரவு செலவு (பள்ளத்தூர்)

கட்டணத்தைச் சொல்லிவிட்டீர்கள், வரிசையைச் சொல்லவில்லையே. எங்கள் அண்ணன் வண்டிகளுக்குக் கணக்கும் பேப்பரும் நான்தான் பார்க்கிறேன். ரூ.17,500 கையில் வைத்துக்கொண்டு நேராகப் போய் ஆத்தரைசேஷன் கேட்டால் கிடைக்காது. ஆர்டிஓ வேலைக்கான 'வாகன்' மென்பொருள் முதலில் மற்ற தேதிகளைத்தான் பார்க்கும். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். பொல்யூஷன் சான்று வேண்டும். வரி பாக்கி இருக்கக் கூடாது. எஃப்சி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தேதி தாண்டியிருந்தாலும் அங்கேயே நிற்கும். ஆத்தரைசேஷன் எப்போதும் கடைசி.

தம்பி வண்டி 2016 பதிவு என்கிறீர்கள். அதற்குத் தனியாக இரண்டு விஷயம் கவனியுங்கள்.

எஃப்சி: புது வண்டிக்கு 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு தடவை. 8 வருஷம் தாண்டினால் வருஷம் ஒரு தடவை. உங்கள் வண்டி 2024-லேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

பொல்யூஷன்: 2017 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி பெரும்பாலும் பிஎஸ்-3 (பாரத் ஸ்டேஜ் என்கிற புகை அளவுத் தரம்) ஆக இருக்கும். பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஒரு வருஷம் தருகிறார்கள். பிஎஸ்-3 என்றால் 6 மாதம்தான். ஆர்சியில் பாருங்கள். எல்லோரும் பொல்யூஷன் வருஷத்துக்கு ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டு, எஃப்சிக்குப் போகும் நாள் காலையில் சென்டரைத் தேடி அலைகிறார்கள்.

நான் செய்கிற முறை: வண்டிக்கு ஒரு பக்கம். அதில் தேதிகளை மட்டும் எழுதிவைப்பேன். இன்சூரன்ஸை ஆத்தரைசேஷன் முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் முடிகிற மாதிரி ஒரு தடவை இழுத்துக் கட்டிவிட்டால், பிறகு எல்லாம் ஒரே மாதத்தில் வரிசையாக விழும். வரி மட்டும் காலாண்டுக்கு ஒரு தடவை தனியாக வந்துகொண்டிருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தைய மாதத்தில் எங்கள் வண்டிகளின் தேதி விழும்படி வைத்திருக்கிறேன். பூஜைக்கு வண்டி எப்படியும் ஊருக்கு வந்துதானே ஆக வேண்டும்.

அப்புறம் ஒரு கேள்வி. ஆர்சி உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? பர்மிட்டும் மாறியதா?

ஆத்தங்குடிக் கல்

நன்றி ஆச்சி. வண்டி பிஎஸ்-3தான், பார்த்துவிட்டேன். ஆர்சி அப்பா பெயருக்கு மாறிவிட்டது. பர்மிட் தாளில் இன்னும் பழைய ஓனர் பெயர்தான் இருக்கிறது. அது தானாக மாறிவிடும் என்று புரோக்கர் சொன்னார்.

ஆச்சி வரவு செலவு

தானாக எதுவும் மாறாது. இதைத்தான் பயந்தேன்.

வக்கீல் வாசல் (தேவகோட்டை)

இந்த இழையில் சலானை விடப் பெரிய விஷயம் இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 82: பர்மிட்டைக் கொடுத்த அதிகாரியின் அனுமதி இல்லாமல் அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. வண்டி கை மாறினால் பர்மிட்டுக்குத் தனி விண்ணப்பம் போட்டு மாற்ற வேண்டும். இப்போதைய நிலையில் ஒருவர் பெயரில் வண்டி, இன்னொருவர் பெயரில் பர்மிட். ஒரு அசம்பாவிதம் நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கை வைப்பது இங்கேதான்.

பர்மிட் இல்லாமல் ஓட்டியதற்குப் பிரிவு 192ஏ. 2019 திருத்தத்துக்குப் பிறகு ரூ.10,000 அபராதம், 6 மாதம் வரை சிறையும் உண்டு. அபராதத்தை விடுங்கள், கட்டிவிடலாம். விபத்து நடந்து மூன்றாம் நபர் இறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2018-ல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பர்மிட் இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டுவது பாலிசியின் அடிப்படை மீறல். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணம் கொடுக்கும், பிறகு அதை வண்டி ஓனரிடம் வசூலித்துக்கொள்ளும். 30 லட்சம், 40 லட்சம் என்று தீர்ப்பாகும் காலம் இது. பட்டறை, வீடு எல்லாம் அதற்குள் வரும்.

டாரஸ்காரன்

வக்கீல் ஐயா, பயமுறுத்தாதீர்கள். இங்கே பர்மிட் இருக்கிறது, ஆத்தரைசேஷன்தான் இல்லை. இரண்டும் ஒன்றா? நானே ஒரு வருஷம் ஆத்தரைசேஷன் கட்டாமல் மதுரை, திருச்சி மட்டும் ஓட்டியிருக்கிறேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வக்கீல் வாசல்

ஒன்றில்லை. அதனால்தான் ஓடிய இடம் முக்கியம். பீகார் லாரி ஒன்று தீப்பிடித்து எரிந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 5 வருஷ நேஷனல் பர்மிட் நடப்பில் இருந்தது, வருஷக் கட்டணம் மட்டும் கட்டவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. வண்டி எரிந்தது பீகாருக்குள், அதாவது சொந்த மாநிலத்துக்குள். அந்தக் கட்டணம் மாநிலத்துக்கு வெளியே போவதற்குத்தான், உள்ளே எரிந்த வண்டிக்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது என்று ஓனர் பக்கம்தான் தீர்ப்பு வந்தது.

ஆகவே நீங்கள் மதுரை, திருச்சி ஓட்டியது வேறு; தம்பி ஓசூரைத் தாண்டியது வேறு. அதே லாரி எல்லைக்கு அந்தப் பக்கம் எரிந்திருந்தால் அந்த வாதமே நின்றிருக்காது.

டாரஸ்காரன்

சரி, இது நியாயம். ஆனால் தம்பி இதையும் யோசிக்கட்டும்: வருஷத்துக்கு எத்தனை லோடு வெளி மாநிலம்? பட்டறை வண்டி பாதி நாள் பட்டறையில்தான் நிற்கும். எப்போதாவது போகிறவருக்கு நேஷனல் பர்மிட் எதற்கு? அந்தந்தத் தடவைக்குத் தற்காலிக பர்மிட் எடுத்து, அந்த மாநில வரியைக் கட்டிவிட்டுப் போகலாம். பிரிவு 87-ல் 4 மாதம் வரை தருகிறார்கள். இல்லையென்றால் பெங்களூருக்கு வாடகை வண்டியே பிடிக்கலாம். திரும்பி வரும்போது காலியாக வராது என்பதால் அவர்கள் வாடகையைக் குறைத்துக்கூடக் கேட்பார்கள்.

மாதம் இரண்டு லோடாவது எல்லை தாண்டினால்தான் ரூ.17,500 கட்டுவதற்கு அர்த்தம் உண்டு என்பது என் கணக்கு. வருஷம் முழுக்கப் பிரித்தால் லோடு ஒன்றுக்கு ரூ.730 கூட வராது. அதற்குக் கீழே போனால் வீண்.

ஆத்தங்குடிக் கல்

சீசனில் மாதம் மூன்று, நான்கு போகும் அண்ணே. மழை மாதங்களில் கல் காயாது, அப்போது ஒன்றும் இல்லை. ஆனால் வாடகை வண்டியில் சேதாரம் தாங்க முடியவில்லை. அடுக்கு முறை தெரியாமல் மேலே வேறு சரக்கைப் போட்டுவிடுகிறார்கள். நாங்கள் கல்லைப் படுக்க வைக்க மாட்டோம். நிறுத்திவைத்து, முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் வைக்கோலைத் திணித்து, பலகையில் அண்டக் கொடுத்துத்தான் அடுக்குவோம். சொந்த வண்டி வாங்கியதே அதற்காகத்தான்.

ஒரு சந்தேகம். சொந்தச் சரக்கைச் சொந்த வண்டியில்தானே கொண்டுபோகிறோம், வாடகை வாங்கவில்லையே, அதற்கும் பர்மிட் வேண்டுமா?

வக்கீல் வாசல்

வேண்டும். 1988 சட்டத்தில் சொந்தச் சரக்கு, வாடகைச் சரக்கு என்ற பிரிவினை பர்மிட்டுக்கு இல்லை. சரக்கு வாகனம் பொது இடத்தில் ஓடினால் பர்மிட் வேண்டும், காலியாக ஓடினாலும் வேண்டும். விலக்கு உண்டு: மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத வண்டிக்குத் தேவையில்லை. பேட்டரி வண்டிக்கும் 2018 முதல் தேவையில்லை.

சின்ன யானை (கண்டனூர்)

அந்த 3,000 கிலோ என்பது ஏற்றும் சரக்கு இல்லை, வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. எங்கள் ஊரில் ஒருவர் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, பெரிய பிக்கப் வாங்கி "மூணு டன்னுக்குள்ளதான் ஏத்துறேன், பர்மிட் வேண்டாம்" என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆர்சியில் மொத்த எடை என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். நம் சின்ன யானைக்கு (டாடா ஏஸ்) பர்மிட் தொல்லை இல்லை. எஃப்சி, இன்சூரன்ஸ், வரி எல்லாம் நமக்கும் உண்டு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழைய தூண், கதவு ஏற்றிக்கொண்டு புதுச்சேரி வரைக்கும் போய் வந்திருக்கிறேன்.

டல்லாஸ் தேவகோட்டை

ஊர் இழையைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. இங்கே டெக்சாஸில் ஒரு லாரிக் கம்பெனியில் பேப்பர் வேலைதான் பார்க்கிறேன். மாநிலம் விட்டு மாநிலம் போகும் கம்பெனிகளுக்கு இங்கேயும் வருஷப் பதிவு உண்டு. பெயர் யுனிஃபைட் கேரியர் ரெஜிஸ்ட்ரேஷன். யூசிஆர் என்போம். 2005-ல் வந்த சட்டம். 41 மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. புளோரிடா, நியூஜெர்சி, அரிசோனா மாதிரி சில சேரவில்லை. ஆனால் அந்த மாநிலத்துக் கம்பெனியும் எல்லை தாண்டி ஓடினால், சேர்ந்திருக்கிற ஒரு மாநிலத்தின் வழியாகக் கட்டியே ஆக வேண்டும்.

உங்களுக்கு வண்டிக்கு இவ்வளவு. இங்கே கம்பெனியில் எத்தனை வண்டி என்பதை வைத்துப் படி. 2025 கணக்கில் 2 வண்டி வரை 46 டாலர். 3 முதல் 5 வரை 138. 6 முதல் 20 வரை 276. ஆயிரத்தைத் தாண்டிய கம்பெனிக்கு 44,836 டாலர். அடுத்த வருஷத்துக்கு அக்டோபர் 1-ம் தேதி திறப்பார்கள், டிசம்பர் 31-க்குள் முடிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே தேதி, வண்டிக்கு வண்டி மாறாது. வண்டியில் எந்தத் தாளும் வைக்க வேண்டாம், சோதனை செய்கிறவர் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார்.

இது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கன வண்டி வரிக்கு ஆகஸ்ட் 31-க்குள் படிவம் 2290. டீசல் வரிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கு, எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியது என்று. கம்பெனி விவரத்தை 2 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். கூட்டினால் உங்களை விட எங்களுக்குத்தான் தாள் அதிகம்.

இன்னொன்று: யூசிஆரை வண்டி இல்லாத புரோக்கரும் கட்ட வேண்டும்.

பழைய கிளீனர்

கடைசி வரியை இங்கே முதலில் கொண்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டாரஸ்காரன்

எல்லோருக்கும் ஒரே தேதி என்பது பார்க்க நன்றாக இருக்கிறது. நம் ஊரில் அப்படி வைத்தால் டிசம்பர் கடைசியில் சர்வர் படுத்துவிடும். வண்டிக்கு ஒரு தேதியாக இருப்பதே நல்லது.

ஸ்டேரிங் சாமி (கானாடுகாத்தான்)

ஓனர்கள் எல்லாம் தேதியையே பேசுகிறீர்கள். டிரைவருக்கு வருகிற சங்கடத்தையும் கேளுங்கள். கொச்சியில் கல்லை இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடுக்குக் காத்துக் கிடப்போம். புக்கிங் ஆபீஸ்காரர் கூப்பிட்டு, "பாலக்காட்டில் இறக்குற சரக்கு இருக்கு, வழிதானே, ஏத்திக்கோ" என்பார். நம் வழியில்தான் பாலக்காடு இருக்கிறது, பேட்டா காசும் கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நேஷனல் பர்மிட் வண்டி வெளி மாநிலத்துக்கு உள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி அதே மாநிலத்தில் இன்னோரிடத்தில் இறக்கக் கூடாது. கொச்சியில் ஏற்றினால் கேரள எல்லைக்கு வெளியேதான் இறக்க வேண்டும். எத்தனை ஆயிரம் கட்டியிருந்தாலும் இதற்கு அனுமதி கிடையாது. பிடித்தால் ஓனர் போனை எடுக்க மாட்டார், நாம்தான் ரோட்டில் நிற்போம்.

செக்போஸ்ட் கதையும் மாறிவிட்டது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரி செக்போஸ்ட்டுகள் போயின. முன்பெல்லாம் வாளையாரில் ராத்திரி வரிசையில் நின்று, சாப்பிட்டுத் தூங்கி எழுந்தாலும் வண்டி நகர்ந்திருக்காது. இப்போது நிற்கவே வேண்டாம். அதனால் தப்பித்தோம் என்று அர்த்தம் இல்லை. ஒடிசா, பீகார் பக்கம் டோல் கேட்டில் பாஸ்டேக் விழும்போதே வண்டி நம்பரை வைத்து எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாம் சரிபார்த்து, தேதி முடிந்திருந்தால் சலான் தானாகவே ஓனர் மொபைலுக்குப் போய்விடுகிறது. நிறுத்தவும் ஆள் இல்லை, பேசிப் பார்க்கவும் ஆள் இல்லை.

தாள் கையில் இல்லாவிட்டால் டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் காட்டலாம், 2018 கடைசியிலிருந்து அது செல்லும். டிரைவர் போனில் அதைப் போட்டுக் கொடுங்கள் தம்பி. ரெக்சின் பை மழையில் நனைந்தால் ஒன்றும் மிஞ்சாது.

ஆச்சி வரவு செலவு

கல் சேதாரம் பற்றித் தம்பி சொன்னதால் இதையும் எழுதுகிறேன். நீங்கள் வண்டியைச் சும்மா நிற்க விடாமல் ரிட்டர்னில் அடுத்தவர் சரக்கை ஏற்றி, உங்கள் பெயரில் எல்ஆர் (லாரி ரசீது) போட ஆரம்பித்தால் இன்னொரு சட்டத்துக்குள் போகிறீர்கள். 2007-ம் வருஷச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2011 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. பொதுவாகப் பலரிடம் சரக்கு வாங்கி, ரசீது கொடுத்து அனுப்புகிற புக்கிங் ஆபீஸ் பதிவு செய்துகொள்ள வேண்டும். அது 10 வருஷத்துக்கு. வருஷா வருஷம் கணக்கு விவரம் கொடுப்பதும் உண்டு. நம் பக்கத்துப் புக்கிங் ஆபீஸ்களில் போர்டு பெரிதாக இருக்கும், இந்தப் பதிவுச் சான்று எங்கே என்று கேட்டால் காலண்டரைக் காட்டுவார்கள்.

இதே சட்டம் உங்களுக்கு அனுப்புகிறவராகவும் உதவும். நீங்கள் அடுத்தவர் வண்டியில் கல் அனுப்பி உடைந்தால், சரக்கின் மதிப்பைச் சொல்லாமல் ஏற்றியிருந்தால், வாடகையில் 10 மடங்கு வரைதான் அவர் பொறுப்பு. எல்ஆரில் மதிப்பை எழுதி, அதற்கான கூடுதல் கட்டணம் கொடுத்து ஏற்றினால்தான் முழுசாகக் கேட்க முடியும். வழக்குப் போடுவதற்கு முன்னால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். போனில் திட்டியது கணக்கில் வராது.

ஆத்தங்குடிக் கல்

இவ்வளவு தெரியாது ஆச்சி. வாடகை வண்டியில் போன பழைய லோடு ஒன்றுக்கு இன்னும் 180 நாள் ஆகவில்லை, எல்ஆரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி விவரம்: நேற்று விற்றவரையே தேடிப்போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர். பர்மிட் மாற்றத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். புரோக்கருக்குப் போன் செய்தால் "அது ஆர்டிஓ வேலை, என் வேலை இல்லை" என்கிறார். விண்ணப்பம் போட்டாயிற்று. அது முடியும் வரை வண்டி எல்லை தாண்டாது, பெங்களூர் ஆர்டருக்கு வாடகை வண்டி பேசியிருக்கிறோம். மதிப்பை எல்ஆரில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

இரண்டு கேள்வி பாக்கி. வண்டி மேல் ஃபினான்ஸ் இருக்கிறது, அவர்கள் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வேண்டுமா? அப்புறம், 2028-க்குப் பிறகு பர்மிட்டைப் புதுப்பிக்க முடியுமா?

வக்கீல் வாசல்

5 வருஷ பர்மிட்டைப் புதுப்பிக்கும்போது ஃபினான்ஸ்காரரின் என்ஓசி சட்டப்படியே தேவை, பிரிவு 51. நீங்கள் எழுதிக் கேட்டு 7 நாளில் அவர் கொடுக்கவும் இல்லை, காரணம் சொல்லி மறுக்கவும் இல்லை என்றால் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். அதனால் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். பதிவுத் தபாலில் கேளுங்கள். வருஷ ஆத்தரைசேஷனை அந்தப் பிரிவு சொல்லவில்லை.

டாரஸ்காரன்

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். முடியாது. நேஷனல் பர்மிட்டுக்கு ஆறு சக்கர வண்டி 12 வருஷம்தான். மல்டி ஆக்சில், அதாவது என் டாரஸ் மாதிரி பத்து சக்கரமும் அதற்கு மேலும் இருந்தால் 15 வருஷம். உங்கள் வண்டி 2016 செப்டம்பர் என்றால் 2028 செப்டம்பரோடு நேஷனல் பர்மிட் கதை முடிந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டுக்குள் ஓட்டலாம், எஃப்சி கிடைக்கிற வரைக்கும்.

வாங்கும்போது இதைப் புரோக்கர் சொல்லியிருந்தால் விலையில் ஒரு லட்சமாவது குறைத்திருக்கலாம். பழைய ஆறு சக்கர வண்டி பார்க்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: மீட்டர், டயர், இன்ஜின் பார்ப்பதற்கு முன்னால் பதிவுத் தேதியோடு 12-ஐக் கூட்டிப் பாருங்கள். எத்தனை வருஷம் எல்லை தாண்டும் என்பதுதான் அந்த வண்டியின் விலை. 2027 கடைசியிலேயே கைமாற்றிவிடுங்கள். செங்கல், எம்சாண்ட் ஓட்டுகிறவர்களுக்கு நேஷனல் பர்மிட் தேவையில்லை, அவர்கள் வாங்குவார்கள்.

ஸ்டேரிங் சாமி

வண்டியில் முன்னாலும் பின்னாலும் நேஷனல் பர்மிட் எழுத்து தெரிகிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டியில் பெயிண்ட் உதிர்ந்து பாதி எழுத்துதான் இருக்கும். அதற்கும் ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள். பாஸ்டேக் பழைய ஓனர் பெயரில் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். நேஷனல் பர்மிட் வண்டிக்கு அது 2019 அக்டோபரிலிருந்தே கட்டாயம்.

ஆத்தங்குடிக் கல்

பாஸ்டேக் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது அண்ணே! டோல் காசு அவர் கணக்கில் போகவில்லை, நாங்கள்தான் ரீசார்ஜ் செய்கிறோம். நாளைக்கே மாற்றிவிடுகிறேன். கர்நாடகா சலானை இப்போதே கட்டவா, பர்மிட் மாறின பிறகு கட்டவா?

ஆச்சி வரவு செலவு

இப்போதே. சலான் பாக்கி இருந்தால் வாகனில் வண்டிக்கு லாக் விழலாம், அப்புறம் பர்மிட் மாற்றமும் நகராது, ஆத்தரைசேஷனும் நகராது. கட்டிய ரசீதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, ஓரிரு நாள் கழித்து வண்டி நம்பரைப் போட்டுப் பாக்கி நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்காவிட்டால் ரசீதோடு அலுவலகத்துக்குப் போங்கள்.